மேஸ்திரி முகத்துக்கு ஏழு நாள் ஈரம்

சொத். சொத். சொத். அப்புறம் நீளமாக ஒரு 'சர்ர்ர்'.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எதிர்மனையில் ஒரு வீடு கட்டினார்கள். நான்கு பேர் சாரத்தில் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் கலவையை அள்ளி, ஒரே நேரத்தில் சுவரில் அடிப்பார்கள். நாலு கைக்கும் ஒரே சத்தம். பிறகு நாலு மட்டப்பலகையும் ஒன்றாக இழுபடும். யாப்பிலக்கணத்தில் எனக்குப் புரிந்த கொஞ்சமும் அந்தச் சத்தத்தில் இருந்துதான் புரிந்தது. நாலு பேர் இவ்வளவு ஒற்றுமையாக இருக்க முடியுமா என்று வியந்திருக்கிறேன். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு யோசனைதான் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

அவர்களுடைய பிள்ளைகள்தான் இந்தக் கதையில் வருகிறவர்கள். தொழில் அப்படியே வந்தது. மற்றதும் அப்படியே வந்தது.

கருமாண்டம்பாளையத்தில் பூச்சு வேலை என்றால் அங்கப்பன் மேஸ்திரியின் ஆட்கள்தான். மேஸ்திரியோடு நாச்சிமுத்து, குப்பாண்டி, சென்னியப்பன் என்று மூன்று கொத்தனார்கள். அவர்கள் பூசிய சுவரில் ஒரு எறும்பு நடந்தால் அதற்கு மேடு பள்ளம் தெரியாது. அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஒரு முறை ஒரு வீட்டுக்காரர், "நான் வர்ற வரைக்கும் வேலைய நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காசிக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது படுக்கையறை ஒரு கட்டில் அகலத்துக்குக் குறுகியிருந்தது. ஆனால் நாலு சுவரும் கண்ணாடி மாதிரி இருந்தன. அவரும் அதை ஒப்புக்கொண்டார்.

அங்கப்பன் மேஸ்திரிக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. இருபத்தைந்து வருஷம் சிமெண்டுத் தூசியில் நின்ற முகம் அவருடையது. வெயில் காலத்துக் குளத்துத் தரை போல அங்கங்கே வெடித்திருக்கும். நாலு இடத்தில் பெண் கேட்டார்கள். நாலு பேரும் நேரில் வந்து பார்த்து, காபி குடித்து, போனதும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஐந்தாவதாக வந்த இடம் மயிலாத்தாள். பக்கத்து ஊர்ச் செங்கல் சூளையைத் தனியாளாக நடத்துகிறவள். முப்பத்தேழு வயது. கல் எடுக்கப் போன இடத்தில் மேஸ்திரி அவளை ஒரு தடவை பார்த்திருக்கிறார். லாரிக்காரனைப் பார்த்து, "மூளைய வீட்டுல வெச்சுட்டு வந்தியா, இல்ல அதுவும் லாரிக்கு அடியில கெடக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்து மேஸ்திரிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவளுடைய அண்ணன் காளியண்ணனிடமிருந்து தகவல் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை வீடும் மாப்பிள்ளையும் பார்க்க வருகிறார்கள். மயிலாத்தாளும் வருகிறாள்.

"இதுவும் தட்டிப் போச்சுன்னா," என்றார் மேஸ்திரி, "இனி ஒருத்தரையும் கேக்க வேண்டாம்ப்பா. நான் பாட்டுக்குச் செவத்தப் பாத்துக்கிட்டு இருந்துக்கறேன்."

மூன்று பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். மேஸ்திரி கரண்டியை வைக்காமல் அவர்கள் வைத்தது அதுதான் முதல் தடவை.

அப்போது அவர்கள் பூசிக்கொண்டிருந்தது சுகந்தி என்ற பெண்ணின் வீட்டை. சுகந்தி டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். நல்ல பெண். விஷயத்தைக் கேட்டதும் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியையும் ஒரு கிரீம் டப்பாவையும் எடுத்துக் கொடுத்தாள்.

"ஹையலூரானிக் ஆசிட் சீரம். மொகம் வறண்டு போனவங்களுக்கு நல்லதுங்க."

நால்வரும் இரண்டு அடி பின்வாங்கினார்கள்.

"அம்மிணி, ஆசிட்டுங்களா?" என்றான் நாச்சிமுத்து. "டைல்ஸ்ல சிமெண்டுக் கறை போக நாங்க ஊத்தறமே, அதுங்களா? மேஸ்திரி ஒண்ணும் கக்கூஸ் இல்லீங்களே."

"அது வேற, இது வேற. இது நம்ம தோல்லயே இருக்கறதுதான். தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். தன் எடையப் போல ஆயிரம் மடங்கு தண்ணியப் பிடிக்கும்னு சொல்லுவாங்க. சாதுவான பொருள்."

அவள் பொறுமையாக மூன்று தடவை சொன்னாள். பிறகு நால்வரின் முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் எழுதியே கொடுத்தாள். முதலில் வெளியே தெரியாத இடத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கவும். சிவக்காவிட்டால், அரிக்காவிட்டால், முகத்தில் போடலாம். முகம் கழுவி, துடைக்காமல், ஈரத்திலேயே போடவும். இரண்டு சொட்டு போதும். தேய்க்கக் கூடாது, தட்டிக் கொடுக்கவும். மேலே கிரீம் போட்டு ஈரத்தைப் பூட்டி வைக்கவும். காற்று வறண்டிருந்தால் இது தோலுக்கு உள்ளிருந்தே தண்ணீரை இழுக்கும், கவனம்.

எழுதிக் கொடுத்தவள் இரண்டு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்து அந்த வாரத்தில் நடந்த பெரிய தவறு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. 'வெளியே தெரியாத இடம்' எது என்பதில் முதலில் கருத்து வேறுபாடு வந்தது.

"காதுக்குப் பின்னாடி," என்றான் குப்பாண்டி.

"எனக்குத் தெரியுதே," என்றான் மேஸ்திரிக்குப் பின்னால் நின்ற சென்னியப்பன்.

"அக்குளு?"

"கையத் தூக்குனா ஊருக்கே தெரியும்."

நாச்சிமுத்துதான் வழி சொன்னான். "ஏப்பா, புதுசா ஒரு கலவை வந்தா நாம எங்க போட்டுப் பாப்போம்? பரணுக்குப் பின்னாடி செவத்துல. அங்க எவன் எட்டிப் பாக்கறான்?"

இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சுகந்தி வீட்டுப் பரணுக்குப் பின்னால், சுவரில் ஒரு சொட்டு தடவினார்கள். குப்பாண்டி அன்று முழுவதும் பரணில் குந்தி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலை இறங்கி வந்தான்.

"செவக்கலீங்க."

"அரிச்சுதா?"

"நானும் பாத்துக்கிட்டே இருந்தனுங்க. ஒரு தடவகூடச் செவுரு சொறிஞ்சுக்கல."

மேஸ்திரி முகத்தில் நிம்மதி பரவியது. பரவிய இடமெல்லாம் லேசாக வெடித்தது.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரியின் வீட்டு வாசலில் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரில் அத்தனை வீட்டையும் பூசியவரின் வீடு, வெறும் செங்கல்லாக, பூச்சே இல்லாமல் நின்றது. தன் வீட்டுக்கு வேலை சொல்ல வீட்டுக்காரர் யாரும் வரவில்லையே என்று அவர் காத்திருந்தார்.

முகத்தைக் கழுவினார்கள். இரண்டு சொட்டு விட்டார்கள். தட்டிக் கொடுக்க வேண்டும் என்று சீட்டில் இருந்தது. எதால் என்று இல்லை. பூச்சைச் சமன்படுத்துகிற மணியாசுக் கட்டையால் குப்பாண்டி மெதுவாகத் தட்டினான். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு இடம் விடாமல் தட்டினான். நாச்சிமுத்து மேடு பள்ளம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான்.

"மூக்கு ரெண்டு அங்குலம் வெளிய நிக்குதுங்க, மேஸ்திரி. கன்னத்த நெரப்பி அந்த மட்டத்துக்குக் கொண்டாந்தர்லாமா?"

மேஸ்திரி சீட்டைக் கேட்டு வாங்கி, மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். "மூக்கப் பத்தி ஒண்ணும் எழுதல. சொல்லாத வேலைய நாம செய்யறதில்ல."

மூக்கு அப்படித்தான் தப்பியது.

அதற்குப் பிறகுதான் ஆயிரம் மடங்கு விஷயம் சென்னியப்பனுக்கு உறைத்தது.

"மேஸ்திரி, காலையில என்ன குடிச்சீங்க?"

"ரெண்டு சொம்பு தண்ணி. ஏன்டா?"

"அப்ப உங்களுக்குள்ள ரெண்டு சொம்புதான் இருக்குது. இது ஆயிரம் மடங்கு புடிக்கற சரக்கு. வெளிய காத்து வறண்டு கெடக்குது. சீட்டுல என்ன போட்டிருக்குது? உள்ள இருந்து இழுக்கும்னு! ரெண்டு சொம்பு அதுக்கு எந்த மூலைக்கு?"

எல்லாரும் மேஸ்திரியை உற்றுப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே கொஞ்சம் சிறுத்துவிட்டது போல நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னான். மேஸ்திரி தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன. ஆனாலும் பயம் வந்துவிட்டது.

"இப்ப என்ன பண்றது?"

"செவத்துக்கு என்ன பண்றோம்?" என்றான் குப்பாண்டி. "பூசின சிமெண்டு தண்ணிய இழுக்குதுன்னா என்ன பண்றோம்? வெளிய இருந்து குடுக்கறோம். சாக்கு போட்டு, ஏழு நாள், மூணு வேளை."

இப்படி ஒரு தெளிவு அவர்களுக்கு அதற்கு முன்பு ஏற்பட்டதில்லை. ஒரு சிமெண்டுச் சணல் சாக்கை உதறி, நனைத்து, மேஸ்திரியின் தலைமேல் கவிழ்த்தார்கள். சாரக் கட்டைக்குச் சுவரில் ஓட்டை விடுவதைப் போல, கண்ணுக்கு இரண்டும் மூக்குக்கு ஒன்றும் வாய்க்கு ஒன்றுமாக ஓட்டை விட்டார்கள். கிரீம்? அதைச் சாக்குக்கு மேலே நன்றாகப் பூசினார்கள், சீட்டில் 'மேலே' என்று இருந்ததால்.

"கிரீம் ஆச்சு," என்றான் நாச்சிமுத்து, சீட்டில் விரலை வைத்துக்கொண்டு. "போட்டு... பூட்டி வைக்கவும். பூட்டு எங்கடா?"

சிமெண்டு ஷெட்டின் சங்கிலியும் பூட்டும் வந்தன. மேஸ்திரியின் கழுத்தில் ஒரு சுற்று. இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு, மூலை பார்க்கிற மூலமட்டம் வைத்துப் பார்த்து, பூட்டினார்கள். சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்தார்கள்.

"பத்தரமா வெய்யி. ஒருத்தன் கையிலயும் சிக்கக் கூடாது," என்றது சாக்கு.

சென்னியப்பன் தலையாட்டிவிட்டுச் சுகந்தியின் வீட்டுக்கு வேலைக்குப் போனான்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மேஸ்திரி சாக்கோடுதான் வேலை பார்த்தார். காலை, மதியம், மாலை குப்பாண்டி சாரத்தில் ஏறி, அவர் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்குவான். அவருக்குப் பக்கத்துச் சுவருக்கும் அப்படியே ஊற்றுவான். போகிற வருகிறவர்கள் என்ன என்று கேட்டால், "மாப்பிள்ள பாக்க வர்றாங்க" என்று பதில் சொன்னார்கள். கேட்டவர்கள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நாச்சிமுத்து சொன்னான்: "நாளைக்கு ஒரு நாழிக்கு மட்டும் தெறந்து, பொண்ணுக்கு மொகத்தக் காட்டிட்டு, திரும்பப் பூட்டிக்கலாம். சென்னி, சாவியக் கொண்டா."

"கொண்டார முடியாதே," என்றான் சென்னியப்பன். "பத்தரமா இருக்குது."

"எங்க?"

"வடக்குச் செவத்துக்குள்ள. வெச்சுப் பூசிப்போட்டேன். ஒருத்தன் கையிலயும் சிக்காது."

நால்வரும் சுகந்தி வீட்டு வடக்குச் சுவருக்கு முன்னால் போய் நின்றார்கள். பன்னிரண்டடி உயரம், இருபதடி நீளம். எங்கே வைத்தான் என்று சென்னியப்பனுக்கே தெரியவில்லை. சுவர் அவ்வளவு சமமாக இருந்தது. காதை வைத்துக் கேட்டார்கள். சாய்ந்து பார்த்தார்கள். மேஸ்திரி சாக்குக்குள்ளிருந்து கண்ணை இடுக்கிக்கொண்டு, ரசமட்டத்தை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு நூல்கூடப் பெசகல," என்றார் கடைசியில். குரலில் பெருமையும் துக்கமும் சரிபாதியாக இருந்தன. "இதப் போயி ஒடைக்கறதா? வேண்டாம்ப்பா. போகட்டும்."

வேலை முடிந்து வந்த சுகந்தி இதையெல்லாம் கேட்டாள். அங்கே கிடந்த மணல் குவியலில் உட்கார்ந்தாள்.

"சாக்குத்தானே? கத்திரிக்கோல் எடுத்து வெட்டுங்க!"

"பூட்டுனத அறுக்கறதுக்குத் திருட்டுன்னு பேருங்க, அம்மிணி," என்றான் குப்பாண்டி வருத்தத்தோடு. படித்த பெண் இப்படிப் பேசுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"நானே வெட்டறேன், விடுங்க."

"சீட்டுல எழுதலீங்களே," என்றது சாக்கு.

சுகந்தி எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அதற்குமேல் அவள் இந்தக் கதையில் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காளியண்ணனும் மயிலாத்தாளும் வந்தார்கள். வெறும் செங்கல் வீட்டின் வாசலில் மூன்று பேர் கைகூப்பி நின்றார்கள். நடுவில், வேட்டி சட்டையோடு, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு சாக்கு நின்றது. அதுவும் கைகூப்பியது.

"மாப்பிள்ளைங்க எங்கீங்க?" என்றார் காளியண்ணன்.

"இவருதானுங்க," என்றான் நாச்சிமுத்து.

"இது என்னுங்க இது?"

"அஞ்சாம் நாளுங்க. இன்னும் ரெண்டு நாள் ஈரம் குடுக்கோணும்."

காளியண்ணன் ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். அவர் தங்கையின் பக்கம் திரும்பி, "கெளம்பலாம், கண்ணு. நேரமாச்சு," என்றார்.

சாக்கின் ஓரத்திலிருந்து சொட்டுகள் கொஞ்சம் வேகமாக விழுந்தன. அது குப்பாண்டி ஊற்றிய தண்ணீர்தானா என்று அங்கிருந்த யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மயிலாத்தாள் கிளம்பவில்லை. அவள் முதலில் வீட்டைச் சுற்றி வந்தாள். ஒரு சுவரில் கையை வைத்தாள்.

"இது எங்க சூளைக் கல்லு."

"ஆமாங்க," என்றது சாக்கு, ரொம்பத் தாழ்ந்த குரலில்.

"பூசவே இல்ல?"

"யாரும் சொல்லலீங்க."

"எங்க கல்லு இத்தன வருசமா அப்படியே மொகம் தெரிய நிக்கறத நான் இப்பத்தான் பாக்கறேன். எல்லாரும் வாங்கிட்டுப் போயிப் பூசி மறச்சுருவாங்க." அவள் மேஸ்திரிக்கு முன்னால் வந்து நின்றாள். "உனக்கு என்ன கொறை? எதுக்கு இந்தச் சாக்கு?"

"மொகம் வெடிச்சுக் கெடக்குதுங்க. நாலு இடத்துல வேண்டாம்னுட்டாங்க. நீங்களும் சொல்லிருவீங்களோன்னு..."

மயிலாத்தாள் கையை மடக்கி, முட்டியால் அவருடைய மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். இடப்பக்கம் ஒரு தட்டு. வலப்பக்கம் ஒரு தட்டு.

"என்ன கண்ணு பண்ற?" என்றார் காளியண்ணன்.

"வெந்திருக்குதான்னு பாக்கறேன். கணீர்னு இருக்குது, அண்ணா. உள்ள ஒண்ணுமே இல்ல; விரிசல் இல்ல. நல்ல கல்லு."

"மொகத்தப் பாக்க வேண்டாமா?"

"கல்லு வாங்கறப்போ பூசுன பொறகு எப்பிடி இருக்கும்னா பாக்கறோம்?" என்றாள். பிறகு குப்பாண்டியின் பக்கம் திரும்பினாள். "ஏப்பா, ஓரமெல்லாம் காயுது பாரு. இப்படியா ஈரம் குடுப்பாங்க? வாளியக் கொண்டா இங்க."

அவளே ஒரு வாளி ஊற்றினாள். சாக்குக்குள் மேஸ்திரி மூச்சுத் திணறிச் சிரித்த சத்தம் கேட்டது. காளியண்ணன் அங்கே கிடந்த செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, கொஞ்சம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குப்பாண்டி அவர் தலையிலும் ஊற்றினான்.

ஆவணி மாதம் மலைக்கோயிலில் கல்யாணம் நடந்தது. சாவி கிடைக்காததால் ஏழு நாள் மூன்று வாரமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சாக்கின்மேல்தான் சந்தனம் வைத்தார்கள். கல்யாணத்துக்கு வந்த பெரியவர்கள், தங்கள் காலத்தில் இல்லாத ஏதோ புது முறை என்று நினைத்துக்கொண்டு, சாக்கின்மேல் அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்தார்கள்.

அத்தனை நாள் தண்ணீர் பட்டால் எந்தச் சங்கிலியும் துரு ஏறும். கல்யாணம் ஆன ஒன்பதாம் நாள், மேஸ்திரி வேலை முடிந்து வரும் வழியில், சங்கிலி தானாக இற்று விழுந்தது. சாக்கைக் கழற்றினார். வாய்க்கால் தண்ணீரில் முகத்தைப் பார்த்தார். வெடிப்பெல்லாம் போயிருந்தது. இளநீர் வழுக்கை மாதிரி ஒரு முகம். இதை நான் மிகைப்படுத்தவில்லை. நாச்சிமுத்து பார்த்தவன், அவன் பொய் சொல்லுமளவுக்கு யோசிக்கிறவன் இல்லை.

மேஸ்திரி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். மயிலாத்தாள் கதவைத் திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

"நான்தான், மயிலா."

"எங்க வீட்டுக்காரரு இன்னும் வரலீங்க. அவுரு வந்த பொறகு வாங்க," என்று கதவைச் சாத்தினாள்.

அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். அவள் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்: "மொகத்த வெச்சுக்கிட்டு ஏமாத்தற ஆள நான் நெறையப் பாத்திருக்கேன். போயிருங்க, வாளில தண்ணி இருக்குது."

மூன்று கொத்தனார்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவர்கள் வந்து முகத்தை முன்னும் பின்னும் பார்த்தார்கள். மூக்கு மட்டும் தெரிந்த மாதிரி இருக்கிறது என்றான் நாச்சிமுத்து. மூக்கை மட்டும் வைத்து ஒரு மனிதனை மேஸ்திரி என்று சத்தியம் செய்ய முடியாது என்றான் சென்னியப்பன். குப்பாண்டி வாய்க்காலுக்குப் போய், கிடந்த சாக்கை எடுத்து வந்து, அவர் தலையில் கவிழ்த்தான்.

"அட, மேஸ்திரி!" என்றார்கள் மூன்று பேரும்.

கதவு திறந்தது. "எங்க போயிட்டீங்க இந்நேரம் வரைக்கும்?" என்றாள் மயிலாத்தாள். "எவனோ ஒருத்தன் வந்து உங்க பேரச் சொல்லிக்கிட்டு நின்னான்."

இது நடந்து ஏழு வருஷமாகிறது. அங்கப்பன் மேஸ்திரி இப்போதும் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். தெருமுனை திரும்பும்போது போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போவார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவரைச் சாக்கு இல்லாமல் பார்த்தால், "வணக்கம் மாமா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.